கவியில் பெயர் மறைத்தல்

கல்முனை தொடக்கம் பொத்துவில் வரையுள்ள, இலங்கையின் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களின் நாட்டார் கவிகளில் காதலர் பெரும்பாலும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைப்பதில்லை. மச்சான், மச்சி, கிளி என்ற விளிகளே வரும். வட்டையில் (வயல்வெளியில்) இரவுக் காவல் இருந்தவர்களும் வீட்டு வேலையில் இருந்த பெண்களும் வாய்மொழியாகப் பாடி வளர்த்த நாலடிப் பாடல்கள் இவை.

இப்பகுதி முஸ்லிம்களிடையே குடி என்னும் குலப் பிரிவு தாய்வழியே தொடர்கிறது. மணமுடித்த ஆண் பெண் வீட்டில் குடியேறுகிறான். மாமன், மாமி பிள்ளைகளான மச்சான், மச்சிகள் மணத்துக்கு உரியவர்கள். ஆகவே மச்சான் என்ற விளி ஆளை மறைப்பதோடு, காதலை ஊர் ஒப்பும் உறவுக்குள்ளும் நிறுத்திவிடுகிறது. அவன் மெய்யாகவே மச்சானா, பிறத்தியானா என்று கேட்பவர் அறிய வழியில்லை. எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊரில் ஒரு பெண்ணின் ஏக்கமும் கோபமும் வாய்விட்டு ஒலிக்க இந்த மறைப்பே இடம் கொடுத்தது. இதை வெறும் கட்டுப்பாடாகக் காண்பது கவிக்குச் செய்யும் அநீதி.

பழந்தமிழிலும் இம்மறைப்பு உண்டு. காதலைப் பாடும் அகப்பாட்டில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய அகத்திணையியலின் விதி. நக்கீரரின் நெடுநல்வாடை பிரிவுத்துயரைப் பாடினாலும், அதில் பாண்டியர் அடையாளமான வேம்பு வருவதைக் காட்டி உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதைப் புறமென்றார். பெயர்கூட வேண்டாம், ஒரு பூவே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இலத்தீன் கவிஞர்களுக்கும் இத்தகைய இங்கிதம் இருந்தது.  கிமு முதல் நூற்றாண்டின் காதல் கவிஞர்கள் தம் காதலியருக்குப் புனைபெயர் சூட்டினர்: கட்டுலஸுக்கு லெஸ்பியா, புரோபெர்டியஸுக்குச் சிந்தியா, திபுல்லஸுக்கு டெலியா. கிபி 2ஆம் நூற்றாண்டில் அபுலேயஸ் அப்பெண்களை முறையே குளோடியா, ஹொஸ்டியா, பிளானியா என வெளிப்படுத்தினார். புனைபெயரும் இயற்பெயரும் அசையளவில் ஒத்திருந்ததால், ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்தாலும் யாப்பு குலையாது. ரோமானியரின் மறைப்பில் கண்டுபிடிக்கும் ஆவலுக்கும் இடமிருந்தது. கரையோரக் கவியின் மச்சானோ யாருக்கும் பொருந்துவான். அதனாலேயே ஒருவர் கட்டிய கவியை இன்னொருவர் தன்னுடையதாகப் பாட முடிந்தது.

நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் இக்கவிகளைத் திரட்டி அச்சிட்டனர். பாடியவரின் குரலும் கேட்டவரின் மறுமொழியும் விலகிய அந்தப் பக்கங்களிலும் மச்சானும் மச்சியும் பெயரின்றியே பேசுகிறார்கள்.