பழுப்பு நாய் உண்ணி: பெயரும் மரபணுவும்

வீட்டு நாய்களின் உடலில் ஒட்டி இரத்தம் குடிக்கும் உண்ணிகளில் உலகில் மிகப் பரவலாகக் காணப்படுவது பழுப்பு நாய் உண்ணி ஆகும். நாயின் காது மடல், விரலிடுக்கு, கழுத்துப்பட்டையின் அடிப்பகுதி ஆகியவை இது விரும்பித் தங்கும் இடங்கள். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் இது ரிப்பிசெபாலஸ் சாங்குயினியஸ் என்ற ஒரே அறிவியல் பெயரால் அழைக்கப்பட்டு வந்தது. அந்தப் பெயரின் கீழ் ஒன்றுக்கு மேற்பட்ட சிற்றினங்கள் இருப்பதை இருபத்தோராம் நூற்றாண்டின் மரபணு ஆய்வுகள் காட்டின. நாய்களைக் கொல்லும் ஒரு நோயை அவற்றுள் எது பரப்புகிறது என்பதும் அதனோடு சேர்ந்தே தெரியவந்தது.

மூலமாதிரி இல்லாத பெயர்

இந்த உண்ணிக்கு 1806இல் பெயரிட்டவர் பியேர் லாத்ரேய் என்ற பிரெஞ்சுப் பூச்சியியலாளர். பிரெஞ்சுப் புரட்சியின்போது பாதிரியார் என்ற காரணத்தால் போர்தோ நகரில் சிறை வைக்கப்பட்ட இவர், சிறையறையில் அகப்பட்ட அரிய வண்டு ஒன்றினால் அறிவியலாளர்களின் கவனத்தைப் பெற்று உயிர் தப்பியவர். வண்டுக்குக் காட்டிய அக்கறையை அவர் உண்ணிக்குக் காட்டவில்லை என்றே சொல்ல வேண்டும். அவர் எழுதிய விளக்கம் மிகச் சுருக்கமானது. வாழிடமாகக் குறிக்கப்பட்டது பிரான்சைச் சுட்டும் 'காலியா' என்ற ஒரு சொல் மட்டுமே. ஒரு பெயர் எந்த உயிரைக் குறிக்கிறது என்பதற்குச் சான்றாக அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படும் உடலை மூலமாதிரி என்பர். லாத்ரேயின் மூலமாதிரி எதுவும் எஞ்சவில்லை.

1844இல் ஜெர்மானியரான கோக், ரிப்பிசெபாலஸ் என்ற பேரினத்தை உருவாக்கி இந்த உண்ணியை அதில் சேர்த்தார். பின்னர் வந்த ஆய்வாளர்கள் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் அமெரிக்காவிலும் நாய்களிடமிருந்து பிடித்த பழுப்பு உண்ணிகளுக்கெல்லாம் பெரும்பாலும் இதே பெயரை எழுதினர். வேறு பெயர்கள் சூட்டப்பட்டபோது அவற்றில் பல, பழைய பெயரின் மறுபெயர்கள் எனத் தள்ளப்பட்டன.

உருவத்தை மட்டும் வைத்து இவற்றைப் பிரித்தறிவது எளிதன்று. தலையடிப் பகுதியின் வடிவம், மூச்சுத்துளைத் தகட்டின் வால் போன்ற நீட்சி, முதுகுத் தகட்டின் புள்ளிகள் ஆகியவற்றை உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். இரத்தம் குடித்து ஆமணக்கு விதைபோல் ஊதிய பெண் உண்ணியில் இவை தெளிவாகத் தெரிவதில்லை. (இலத்தீனில் 'ரிசினஸ்' என்ற சொல் உண்ணியைக் குறித்தது; விதை அதைப் போலிருப்பதால் ஆமணக்கின் அறிவியல் பெயராகவும் அதுவே அமைந்தது.) நாயிடமிருந்து பிடுங்கும்போது வாயுறுப்பு அறுந்துவிடுவதும் உண்டு. ஆறு கால்களே கொண்ட இளம்பருவ உண்ணியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மரபணுச் சான்று

உண்ணியின் ஒரு காலைத் துண்டித்தாலே ஆய்வுக்குப் போதிய டி.என்.ஏ. கிடைத்துவிடும். எஞ்சிய உடலைச் சான்றாகப் பாதுகாக்கலாம் என்பது இம்முறையின் பெரும் வசதி. பிரித்தெடுத்த டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட ஒரு பகுதியை மட்டும் பி.சி.ஆர். முறையில் பல கோடி நகல்களாகப் பெருக்கி, அதன் எழுத்து வரிசையைப் படித்து, ஏற்கெனவே அறியப்பட்ட வரிசைகளோடு ஒப்பிடுவர். பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படுபவை இழைமணியில் உள்ள 12எஸ், 16எஸ், சி.ஓ.1 என்னும் மரபணுப் பகுதிகள். ஒவ்வொரு செல்லிலும் இழைமணி டி.என்.ஏ. ஏராளமான பிரதிகளாக இருப்பதால் பழைய, சிதைந்த மாதிரிகளிலும் அது கிடைக்கும் வாய்ப்பு அதிகம். 1994இல் பிளாக், பீஸ்மன் ஆகிய இருவரும் 16எஸ் பகுதியைக் கொண்டு உண்ணிகளின் உறவுமுறையை ஆராய்ந்தது இத்துறையின் தொடக்ககால முயற்சிகளில் முக்கியமானது.

பழுப்பு நாய் உண்ணியைப் பொறுத்தவரை திருப்பம் தென் அமெரிக்காவில் நேர்ந்தது. பிரேசில், அர்ஜென்டினா நாட்டு உண்ணிகளை ஒப்பிட்ட ஆய்வு 2005இல் வெளிவந்தது. இரண்டின் மரபணு வரிசைகளும் ஒரே இனத்துக்குள் எதிர்பார்க்கக்கூடிய அளவைத் தாண்டி வேறுபட்டன. ஆய்வகத்தில் இணைசேர்த்தபோது பிறந்த கலப்புச் சந்ததி மலடாக இருந்தது. அடுத்தடுத்த ஆய்வுகளில் படம் தெளிவாயிற்று. மெக்சிகோ முதல் பிரேசில் வரையிலான வெப்பப் பகுதிகளில் வாழ்வது ஒரு மரபுவழி. அர்ஜென்டினா, உருகுவே, சிலி, பிரேசிலின் தென்கோடி ஆகிய குளிர்ந்த பகுதிகளில் வாழ்வது மற்றொன்று. முதலாவது 'வெப்பமண்டல மரபுவழி' என்றும், ஐரோப்பிய உண்ணிகளோடு ஒத்திருந்த இரண்டாவது 'மிதவெப்ப மரபுவழி' என்றும் அழைக்கப்பட்டன.

இவற்றுள் உண்மையான சாங்குயினியஸ் எது என்ற கேள்விக்கு மரபணுவால் மட்டும் விடை சொல்ல முடியவில்லை. ஒப்பிட லாத்ரேயின் உண்ணி இல்லையே! எனவே பிரான்சில் பிடிக்கப்பட்ட உண்ணி ஒன்று 2018இல் புதிய மூலமாதிரியாக அறிவிக்கப்பட்டது. அது மிதவெப்ப மரபுவழியைச் சேர்ந்தது. பழைய பெயர் அதற்கே உரியதாயிற்று. உலகின் வெப்ப நாடுகளில் கோடிக்கணக்கான நாய்களின் மேல் வாழும் உண்ணி பெயரில்லாமல் நின்றது.

அதற்கான பெயர் எகிப்திலிருந்து வந்தது. 1798இல் நெப்போலியனின் படையோடு எகிப்து சென்ற சாவிஞி என்ற இயற்கையியலாளர், அங்குள்ள சிற்றுயிர்களை நுட்பமான படங்களாக வெளியிட முனைந்தார். கண்நோயால் அவரால் விளக்கம் எழுத இயலவில்லை. ஒதுவாங் என்பவர் அப்பணியை ஏற்று, 1826இல் படத்தில் இருந்த உண்ணி ஒன்றுக்கு லின்னேயஸின் நினைவாக 'லின்னேயி' என்று பெயரிட்டார். மறுபெயர் எனப் புறந்தள்ளப்பட்டிருந்த அந்தப் பெயரை 2021இல் ஆய்வாளர்கள் மீட்டு, வெப்பமண்டல மரபுவழிக்கு ரிப்பிசெபாலஸ் லின்னேயி என்று சூட்டினர். அடுத்த ஆண்டில் தென்கிழக்கு ஐரோப்பிய மரபுவழியும் ரூட்டிலஸ் என்ற கோக்கின் பழைய பெயரைத் திரும்பப் பெற்றது.

நோயும் உண்ணியும்

எர்லிக்கியா கேனிஸ் என்னும் நுண்ணுயிரி நாயின் வெள்ளணுக்களுக்குள் புகுந்து பெருகுவது. காய்ச்சல், மெலிவு, இரத்தத் தட்டுகளின் குறைவு, மூக்கிலிருந்து இரத்தம் வடிதல் ஆகியவை நோயின் அடையாளங்கள். 1935இல் அல்ஜீரியாவில் இது முதலில் கண்டறியப்பட்டது. வியட்நாம் போரின்போது 1960களின் இறுதியில் அமெரிக்க இராணுவ நாய்கள் பெருமளவில் இந்நோயால் மாண்டன. பரப்பியது பழுப்பு நாய் உண்ணி என்பது விரைவிலேயே நிறுவப்பட்டது. எனினும் அதே உண்ணி இருந்தும் அர்ஜென்டினா, உருகுவே போன்ற நாடுகளில் நோய் ஏன் அரிதாக உள்ளது என்பது புதிராகவே இருந்தது.

2015இல் வெளியான ஓர் ஆய்வு அப்புதிரை அவிழ்த்தது. நான்கு தென் அமெரிக்க உண்ணிக் கூட்டங்களை நோயுற்ற நாய்களின் மேல் விட்டு, பின்னர் நலமான நாய்களைக் கடிக்கச் செய்தபோது, சாவ் பாவ்லோவிலிருந்து எடுக்கப்பட்ட வெப்பமண்டல உண்ணிகளே நோயைக் கடத்தின. தெற்கே இருந்து வந்த உண்ணிகள் கடத்தவில்லை. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த இரண்டும் நோய் பரப்புவதில் வேறுபட்டன. ஒரே பெயரில் எழுதப்பட்ட பழைய ஆய்வுக் கட்டுரைகளில் எந்த உண்ணி பேசப்படுகிறது என்பதை ஊரைப் பார்த்தே இன்று ஊகிக்க வேண்டியுள்ளது.

ஆஸ்திரேலியாவில் 2020 வரை எர்லிக்கியா கேனிஸ் உள்நாட்டு நாய்களிடையே பரவியதில்லை. அவ்வாண்டு மே மாதம் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் தென்பட்ட நோய், வடக்கிலும் நடுப்பகுதியிலும் உள்ள பழங்குடிக் குடியிருப்புகளின் நாய்களிடையே வேகமாகப் பரவியது. அந்நாட்டு நாய்களில் எடுக்கப்பட்ட பழுப்பு உண்ணிகளை மரபணு வழி சோதித்தபோது அவை லின்னேயி என்றே தெரிந்தது. நோய்க்கிருமி வந்து சேரும் முன்னரே அதைச் சுமக்கும் உண்ணி அங்கே காத்திருந்தது.

இம்முறைக்கும் வரம்பு உண்டு. இழைமணி தாயிடமிருந்து மட்டுமே வருவதால், இரு மரபுவழிகளும் கலந்து பிறந்த உண்ணியை அது தாயின் இனமாகவே காட்டும். அதற்கு உட்கரு மரபணுக்களையும் பார்க்க வேண்டும். மேலும் பொதுத் தரவுத்தளங்களில் ஆய்வாளர்கள் முன்பு பதிந்த வரிசைகள் பழைய பெயருடனேயே கிடக்கின்றன. புதிதாக ஒருவர் தம் உண்ணியின் வரிசையை அங்கே தேடினால், லின்னேயியாக இருந்தாலும் 'சாங்குயினியஸ்' என்ற விடை வரக்கூடும்.

தென்னிந்தியாவில் எர்லிக்கியா நோய் 1944இலேயே கால்நடை ஆய்விதழில் பதிவாகியுள்ளது. இந்தியாவில் நாய்களிடமிருந்து எடுத்து வரிசைப்படுத்தப்பட்ட பழுப்பு உண்ணிகள் வெப்பமண்டல மரபுவழியில் அமைகின்றன. தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவமனைகளில் நாயின் காதிலிருந்து எடுத்துப் போடப்படும் உண்ணி பெரும்பாலும் லின்னேயியாகவே இருக்க வேண்டும். பாடநூல்களில் அதன் பெயர் இன்னும் சாங்குயினியஸ்தான்.