பிக்கப் வண்டியின் மரத்தளம் புதுப்பித்தல்

அமெரிக்காவில் 1947 முதல் 1955 வரை வெளிவந்த செவ்ரோலே 'அட்வான்ஸ் டிசைன்' பிக்கப் வண்டிகளின் சரக்குத் தளம் மரப்பலகைகளால் ஆனது. பலகைகளின் இடையே ஓடும் எஃகுப் பட்டைகள் போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். புதுப்பிப்போரின் கவனம் பெரும்பாலும் மேற்பரப்பின் பளபளப்பிலேயே நிற்கிறது. தளத்தின் ஆயுளைத் தீர்மானிப்பதோ அடிப்பக்கமும் முனைகளும்தான். மரத்தின் நுண்குழல்கள் அறுபட்டுத் திறந்திருக்கும் முனைகளில் ஈரம் மிக வேகமாக ஏறும். மேலே மட்டும் வார்னிஷ் பூசினால், அடிப்பக்கம் ஈரம் குடித்து உப்பிப் பலகை வளையும். ஆகவே வண்டியில் பொருத்துவதற்கு முன்பே ஆறு பக்கங்களுக்கும், போல்ட் துளைகளின் உட்புறத்துக்கும் பூச்சு தேவை.

கெட்டியான பாலியூரித்தேன் படலம் போதாதா என்பார்கள். நிழலில் நிற்கும் காட்சி வண்டிக்குப் போதும். வெயிலில் உழைக்கும் வண்டியில், தெளிவான படலத்தை ஊடுருவும் புற ஊதாக் கதிர்கள் அடியிலுள்ள மரத்தைச் சிதைக்கின்றன. படலம் உரிகிறது, விரிசலில் புகுந்த நீர் வெளியேற வழியின்றி அழுகலைத் தொடங்குகிறது. படலத்துக்கு மாற்றான எண்ணெய்ப் பூச்சை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும் என்பது உண்மையான குறைதான். ஆனால் பழையதைச் சுரண்டாமலே மேலே பூசலாம். நிறமேற்றிய பெயிண்ட் கதிர்களை இன்னும் நன்றாகத் தடுக்கும். மரத்தின் ரேகை அதில் மறையும். சுமை ஏற்றும் தளத்துக்கு அது பெரிய இழப்பல்ல.