தமிழ்நாட்டில் சிறு காப்பிப் பயிரிடுவோர்

தமிழ்நாட்டில் காப்பி, பழனி மலை, சேர்வராயன் மலை, நீலகிரி, ஆனைமலை, கொல்லிமலை முதலிய மலைப்பகுதிகளில் பயிரிடப்படுகிறது. இந்தியாவின் மொத்தக் காப்பி விளைச்சலில் தமிழ்நாட்டின் பங்கு ஏறத்தாழ 5 விழுக்காடு ஆகும். 10 எக்டேருக்கு (ஏறத்தாழ 25 ஏக்கர்) உட்பட்ட தோட்டம் உடையவர்கள் சிறு பயிரிடுவோர் எனப்படுகின்றனர். நாட்டிலுள்ள காப்பித் தோட்டங்களுள் மிகப் பெரும்பாலானவை இவர்களுடையவை. விளைச்சலின் அளவு மட்டுமன்றி, காப்பி எந்த நிலையில், யாரிடம் விற்கப்படுகிறது என்பதும் இவர்களது வருவாயை முடிவு செய்கிறது.

வரலாறு

1942 ஆம் ஆண்டின் காப்பிச் சட்டத்தின்படி, பயிரிடுவோர் தமது விளைச்சலைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. வாரியமே அதை ஏலத்தில் விற்றது. இம்முறை 1992 முதல் படிப்படியாகத் தளர்த்தப்பட்டு, 1996 இல் முடிவுக்கு வந்தது. பன்னாட்டுக் காப்பி உடன்படிக்கையின் ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறை அதற்கு முன்பே, 1989 இல், முறிந்திருந்தது. எனவே விரும்பியவரிடம் விற்கும் உரிமையுடன், உலக விலையின் ஏற்ற இறக்கமும் பயிரிடுவோரை நேரடியாக வந்தடைந்தது. 2001 ஆம் ஆண்டளவில் ஏற்பட்ட கடும் விலைச்சரிவு சிறு பயிரிடுவோரைப் பெரிதும் பாதித்தது.

பதப்படுத்தல்

பழத்தை அப்படியே உலர்த்தினால் கிடைப்பது செர்ரி காப்பி. பறித்த அன்றே தோல் நீக்கி, நொதிக்கவைத்து, கழுவி உலர்த்தினால் கிடைப்பது பார்ச்மெண்ட் காப்பி. அராபிக்கா வகையில் பின்னதற்கே விலை கூடுதலாகும். ஆனால் இதற்குத் தோல் நீக்கும் கருவி, நீர், உலர்களம் ஆகியவை தேவை. இவ்வசதி இல்லாதவர் பழமாகவோ செர்ரியாகவோ இடைத்தரகரிடம் விற்க நேர்கிறது. பலர் சேர்ந்து கருவியையும் களத்தையும் பொதுவில் அமைத்துக்கொள்வது இதற்கு ஒரு தீர்வாகும். கழுவிய நீரை ஓடையில் விடாமல் தேக்கித் தூய்மைப்படுத்துவதும் பொதுக்களத்தில் எளிது.

நிழலும் ஊடுபயிரும்

கீழ்ப்பழனி மலையில் காப்பியுடன் மலைவாழை, ஆரஞ்சு, மிளகு ஆகியவையும் வளர்க்கப்படுகின்றன. காப்பி விலை வீழும் ஆண்டில் இவை குடும்பத்தைத் தாங்குகின்றன. நிழல் மரங்கள் மண்ணரிப்பைத் தடுக்கின்றன. நிழல் குறைந்தால் அராபிக்காச் செடிகளில் வெள்ளைத் தண்டுத்துளைப்பானின் தாக்குதல் மிகும். ஆகவே மரங்களை வெட்டி விற்பது உடனடிப் பணம் தந்தாலும், பின்னர் தோட்டத்தையே அழிக்கக்கூடும். இப்பகுதியிலுள்ள தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது.

கூட்டுறவும் சான்றிதழும்

இயற்கை வேளாண்மை, நியாய வணிகம் ஆகியவற்றுக்கான சான்றிதழ்கள் கூடுதல் விலை பெற உதவுகின்றன. எனினும் ஆய்வுக் கட்டணமும் பதிவேடுகளும் தனியொருவருக்குச் சுமையாகும். குழுவாகப் பெறும்போது செலவு பகிரப்படுகிறது. ஆந்திரப் பிரதேசத்தின் அரக்குப் பள்ளத்தாக்கில் பழங்குடிப் பயிரிடுவோர் கூட்டுறவு மூலம் பழங்களைத் திரட்டிப் பொதுவில் பதப்படுத்துகின்றனர். அரக்குக் காப்பிக்கென 2017 இல் பாரிசில் ஒரு கடை திறக்கப்பட்டது.

2020 டிசம்பர் 31 க்குப் பின் காடழிக்கப்பட்ட நிலத்தில் விளைந்த காப்பியை விலக்கும் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் ஏற்றது. இதன்படி ஒவ்வொரு தோட்டத்தின் இருப்பிட விவரமும் அளிக்கப்பட வேண்டும். நிழற்காப்பி வளர்ப்போருக்கு இது ஒரு வாய்ப்பாகும்; ஆயினும் நில ஆவணம் இல்லாதோருக்குத் தடையாகவும் அமையலாம்.