செம்மண் ரோட்டில் ட்ரம்மா, டிஸ்க்கா?

இன்னைக்கு சென்னையிலயோ கோயம்புத்தூர்லயோ பைக் வாங்கப் போனா, ஷோரூம்ல முதல்ல கேட்கிற கேள்விகள்ல ஒண்ணு: "முன்னாடி டிஸ்க்கா, ட்ரம்மா?" டிஸ்க்னா புதுசு, ட்ரம்னா பழசு என்று நாம ஒரு முடிவுக்கு வந்துட்டோம். ஆனா வரலாற்றைப் புரட்டினா ரெண்டும் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைங்க.

1902-ல் பிரான்சில் லூயி ரெனோ ட்ரம் பிரேக்கைக் கொண்டு வந்தார். அதே 1902-ல் இங்கிலாந்தில் பிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். அடுத்த அரை நூற்றாண்டுக்கு ஜெயிச்சது ட்ரம்தான். காரணம் என்ன தெரியுமா? புழுதி. லான்செஸ்டர் தன் டிஸ்க்கைப் பிடிக்கச் செம்பு வைத்திருந்தார். அன்றைய மண் ரோட்டுத் தூசி அந்தச் செம்பைச் சீக்கிரமே தின்றுவிட்டது. போதாக்குறைக்குக் காது கூசுற கீச்சுச் சத்தம் வேற. ட்ரம்மோ மூடி போட்ட பாத்திரம் மாதிரி. தூசி அவ்வளவு லேசா உள்ள போகாது.

இந்த எபிசோடுக்காக நான் புதுக்கோட்டை மாவட்டத்துல பொன்னமராவதியைத் தேர்ந்தெடுத்ததுக்கும் அந்தப் புழுதிதான் காரணம். செம்மண், கண்மாய், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. வெளிநாட்டுப் பண்ணைகளில் ஏடிவி என்கிற நாலு சக்கர வண்டி செய்யுற வேலையை இங்கே செய்யுறது டிவிஎஸ் எக்ஸ்எல். தீவன மூட்டை, பால் கேன், வாழைத்தார், சில நேரம் ஆட்டுக்குட்டி, எல்லாம் அதுல போகும். அந்த எக்ஸ்எல்லில் முன்னாடியும் ட்ரம்தான், பின்னாடியும் ட்ரம்தான். ரெண்டுமே 110 மில்லிமீட்டர்.

இந்த ட்ரம் வேலை செய்யுற விதம் சுவாரசியமானது. உள்ளே பிறை வடிவத்தில் ரெண்டு ஷூ இருக்கும். பிரேக் பிடிச்சா அவை விரிஞ்சு, சுத்துற ட்ரம்மோட உள்சுவரில் உரசும். அப்போ ஒரு ஷூவை அந்தச் சுழற்சியே இன்னும் இறுக்கமா உள்ளே இழுத்துக்கும். சக்கரம் தன்னை நிறுத்திக்கத் தானே கை கொடுக்குதுன்னு வச்சுக்கலாம். அதனால நம்ம விரல் பலமும் ஒரு சாதாரண கேபிளும் போதும். டிஸ்க்குக்கு இந்த இலவச உதவி கிடையாது. ரெண்டு பக்கமும் பேடை வச்சு அழுத்தித்தான் நிறுத்தணும். அதுக்கு ஆயில், மாஸ்டர் சிலிண்டர், கேலிப்பர் எல்லாம் தேவை. ஷூ தேய்ஞ்சா நட்டை ரெண்டு சுத்து திருகினா போதும் என்கிற வண்டிக்கும், பிரேக் ஆயிலில் காற்று புகுந்தா அதை வெளியேற்றத் தெரிஞ்ச ஆள் வேணும் என்கிற வண்டிக்கும், கிராமத்துல பெரிய வித்தியாசம் இருக்கு.

சரி, அப்புறம் டிஸ்க் எப்படி ஜெயிச்சது? சூட்டால. பிரேக் என்பது ஓட்டத்தைச் சூடாக மாற்றுகிற கருவி. மூடிய ட்ரம்முக்குள் தூசி போகாதது போலவே சூடும் லேசில் வெளியே வராது. சூடு ஏறினா ட்ரம் விரிஞ்சு ஷூவை விட்டு விலகும், லைனிங்கின் பிடியும் தளரும். டிஸ்க் காற்றில் திறந்து கிடக்கிறதால சீக்கிரம் ஆறிடும். 1953-ல் பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் ஜெயித்தபோது உலகம் இதைக் கண்ணால பார்த்தது. 1969-ல் ஹோண்டா சிபி750 முன்சக்கர டிஸ்க்கோடு வந்து மோட்டார் சைக்கிளுக்கும் அதைப் பழக்கிவிட்டது. இந்தியாவுக்கு அது 1980-களின் பிற்பகுதியில் நம்ம சென்னைக் கம்பெனி என்ஃபீல்டின் ஃப்யூரி வழியா வந்தது. பரவலா பேசப்பட்டது 1999-ல் ஹீரோ ஹோண்டா சிபிஸெட் வந்த பிறகு.

இங்கே தமிழ்நாட்டுக் கதை ஒண்ணு குறுக்கே வருது. 1962-ல் சென்னை பாடியில் ரெண்டு கம்பெனிகள் பிறந்தன: கார், லாரி பிரேக்குகளுக்கு பிரேக்ஸ் இந்தியா, ஏர் பிரேக்குக்கு சுந்தரம் கிளேட்டன். அந்த சுந்தரம் கிளேட்டனின் மொபெட் பிரிவிலிருந்துதான் 1980-ல் ஓசூரில் டிவிஎஸ் 50 வெளியே வந்தது. ஆக, எக்ஸ்எல்லின் தாய்வீடே ஒரு பிரேக் கம்பெனி. பிரேக் தெரியாதவங்க செஞ்ச வண்டி இல்லை இது. தெரிஞ்சே ட்ரம் வச்சாங்க. விலை குறைவு, வேகம் குறைவு, ஊர் மெக்கானிக்கே சரி பண்ணிடலாம்.

சேறுன்னு வந்தா ரெண்டுக்குமே சிக்கல் உண்டு. டிஸ்க்கில் ஒட்டுற சேறு, பேடுக்கும் தகட்டுக்கும் நடுவுல சாணைக்கல் மாதிரி தேய்க்கும். ட்ரம்முக்குள்ள தண்ணி புகுந்துட்டா லேசில் வெளியேறாது. ஷூ நனைஞ்சு வழுக்கும். மேலை நாட்டு ஏடிவி கம்பெனிகளும் இதோட மல்லுக்கட்டினாங்க. ஹோண்டா ரொம்ப காலம் சீல் வச்ச ட்ரம்மை விடலை. யமஹாவும் கவாஸாகியும் சில மாடல்களில் பின் பிரேக்கின் தட்டுகளை மூடிய பெட்டிக்குள் ஆயிலில் முக்கி வச்சாங்க. அதே தீர்வு நம்ம வயலுக்கும் வந்திருக்கு: இன்றைய டிராக்டர் விளம்பரத்தில் 'ஆயில் பிரேக்' என்று சொல்வது அதைத்தான். தொழி உழவில் சக்கரம் பாதி சேற்றில் புதையும்போது, உள்ளே பிரேக் ஆயிலில் பத்திரமா சுத்திட்டிருக்கும். ஆக, இங்கே கேள்வி ட்ரம்மா டிஸ்க்கா என்பதே இல்லை. சேற்றை வெளியே நிறுத்த எவ்வளவு செலவு பண்ணத் தயார் என்பதுதான்.

இப்போ சட்டத்துக்கு வருவோம். 2019 ஏப்ரல் 1 முதல், 125 சிசிக்கு மேலே உள்ள எல்லா புது பைக்குக்கும் ஏபிஎஸ் கட்டாயம். 125 சிசி வரைக்கும் ஏபிஎஸ் இல்லாட்டி சிபிஎஸ், அதாவது ஒரு பிரேக்கைப் பிடிச்சா ரெண்டு சக்கரமும் சேர்ந்து நிற்கிற ஏற்பாடு இருந்தால் போதும். இருசக்கர வண்டியில் ஏபிஎஸ்னா நடைமுறையில் டிஸ்க். எக்ஸ்எல் 100-இன் இன்ஜின் 99.7 சிசி. அதனால அது ட்ரம்மோட நின்னுடுச்சு.

எனக்கு உறுத்துறது இந்தக் கோடுதான். சட்டம் இன்ஜினை அளக்குது. பிரேக்குக்குத் தெரிஞ்சது எடையும் வேகமும் மட்டும். வண்டியும் ஓட்டுறவரும் சேர்ந்து 160 கிலோன்னு வைங்க. பின்னாடி 100 கிலோ மூட்டை ஏறினா 260. அதே வேகத்தில் நிறுத்த, பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 60 சதவீதத்துக்கு மேலே கூடுது. வேகம் 40-லிருந்து 60 ஆனா அது இரண்டேகால் மடங்கு. 150 சிசி பைக்கில் தனியா ஆபீஸ் போற நமக்கு ஏபிஎஸ் இருக்கு. மூட்டையோட மழையில் போறவருக்கு 110 மில்லிமீட்டர் ட்ரம். கண்மாய்க்கரைப் பாதையில் 30-ல் போற வரைக்கும் அது போதும். அதே வண்டி இப்போ அகலமான தார் ரோட்டில், லாரிக்குப் பின்னாடியும் போகுது.

2025-ல் கிட்டத்தட்ட எல்லா புது இருசக்கர வண்டிக்கும் ஏபிஎஸ் கட்டாயமாக்க மத்திய அரசு ஒரு வரைவு வெளியிட்டது. பாதுகாப்புன்னு பார்த்தா நியாயம். ஆனா விலையும் கூடும், கேபிளும் ஷூவும் பழகின மெக்கானிக் புதுசா ஒரு வேலை கத்துக்கணும். 'பழைய பிரேக்கைத் தூக்கிப் போடு' என்று நகரத்தில் உட்கார்ந்து சொல்றது சுலபம். அந்தச் செலவைச் சுமை தூக்கிப் பிழைக்கிறவர் தலையிலேயே கட்டிடக் கூடாது, அவ்வளவுதான்.

ஊர்ப்பக்கம் போகும்போது ட்ரம் பிரேக் வண்டியைக் கையில் எடுக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். தண்ணியைக் கடந்ததும் வேகம் எடுக்காதீங்க. மெதுவா ஓட்டிக்கிட்டே பிரேக்கை லேசா ரெண்டு மூணு தடவை பிடிங்க. உரசுற சூட்டில் ஷூ காயும். பிடி திரும்பி வந்ததுக்கு அப்புறம் கிளம்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.