கொடி வழங்கும் உரிமை: மஸ்கத்துப் பாய்க்கப்பல் வழக்கு

நாடு கடந்து கடலிற் செல்லும் கலம் எதுவாயினும் அது ஒரு நாட்டின் கொடிக்குரியதாக இருத்தல் வேண்டும் என்பது இக்காலக் கடற்சட்டத்தின் அடிப்படை. செல்வர் ஒருவரின் உல்லாசப் படகாயினும், கூலிக்கு விடப்படும் பாய்ப்படகாயினும், பெருஞ் சரக்குக் கப்பலாயினும் இதற்கு விலக்கன்று. உடைமையைக் காட்டும் பத்திரம், கலத்தின் அளவு, முன்னைய பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டமைக்குச் சான்று ஆகியவற்றைக் கொடுத்துப் பதிவு பெற்ற பின்னரே, கலத்தின் பின்புறத்திற் பெயரையும் பதிவுத் துறையையும் பொறித்துக் கொடியேற்றுவர். கொடியற்ற கலத்தை நடுக்கடலில் எந்நாட்டுப் போர்க்கப்பலும் மறித்து ஏறிப் பார்க்கலாம். ஆயின், யாருக்குக் கொடி வழங்கலாம் என்று முடிவு செய்ய உரியவர் யாவர்? இவ்வினாவுக்குப் பன்னாட்டு நடுவர் மன்றமொன்று 1905 ஆம் ஆண்டில் விடை பகர்ந்தது. அதற்குக் காரணமாயிருந்தவை செல்வரின் படகுகள் அல்ல. ஓமான் நாட்டிலே சூர் என்னும் துறைமுகத்தைச் சேர்ந்த அராபியப் பாய்க்கப்பல்கள்.

சூர்த் துறையினர் பருவக்காற்றை நன்கறிந்த மாலுமிகள். வடகீழ்ப் பருவக்காற்றோடு பேரீச்சம்பழமும் கருவாடும் ஏற்றிக் கிழக்காபிரிக்கக் கரைக்குச் செல்வர். காற்றுத் திரும்பியதும் கண்டல் மரக்கழிகள் முதலியவற்றை ஏற்றி மீள்வர். அச்சரக்கின் நடுவே அடிமைகளும் ஏற்றப்பட்டனர் என்பது மறைக்க வொண்ணாத உண்மை. 1822, 1845, 1873 ஆகிய ஆண்டுகளிற் செய்த ஒப்பந்தங்களைக் காட்டிப் பிரித்தானியப் போர்க்கப்பல்கள் இக்கலங்களை மறித்துச் சோதித்துவந்தன. பிரான்சோ தன் கொடி தாங்கிய கலத்திற் பிற நாட்டு வீரர் ஏறிச் சோதிப்பதற்கு இணங்கவில்லை. அடிமை வாணிகத்தை அது விரும்பியதனாலன்று. கடலிற் பிரித்தானியாவின் மேலாண்மைக்குத் தலைவணங்குதல் தன் மதிப்புக்கு இழுக்கு என்று கருதியமையாலேயே அவ்வாறு மறுத்தது.

இந்த இடைவெளியைச் சூர் வணிகர் கண்டுகொண்டனர். இந்துமாகடலிலும் செங்கடல் வாயிலிலும் பிரான்சுக்கு உடைமைகள் இருந்தன. அங்குள்ள அலுவலரிடம் உரிமைப் பத்திரமும் கொடியும் பெற்றுவிட்டால், கலம் பிரெஞ்சுக் கலமாகிவிடும். சிலர் அந்நிலங்களிற் சிறு காணியொன்றை வாங்கி அதனையே தகுதியாகக் காட்டினர். கொடி பெற்றோர் அனைவரும் அடிமை வாணிகர் என்று கொள்ளுதல் நியாயமன்று. வழிமறிப்பும் தாமதமும் இன்றித் தொழில் செய்ய விரும்பியோரும் அவர்களுள் இருந்தனர். எனினும், கலத்தின் அடித்தளத்திற் கிடந்த அடிமைக்கு அந்த ஒரு முழத் துணி விடுதலைக்குக் குறுக்கே நின்ற சுவராயிற்று.

மஸ்கத்துச் சுல்தானுக்கு ஏற்பட்ட இடர் வேறு வகையினது. அவருடைய குடிகளே அவருடைய துறைமுகத்தில் நின்றுகொண்டு, தாம் பிரெஞ்சுக் காவலுக்கு உட்பட்டோர் என்றும் அவர் ஆணை தம்மைக் கட்டுப்படுத்தாது என்றும் வாதிக்கத் தலைப்பட்டனர். அவருடைய சுதந்திரத்தை மதிப்பதாகப் பிரித்தானியாவும் பிரான்சும் 1862 மார்ச் 10 ஆம் நாள் கூட்டாக உறுதி கூறியிருந்தன. அவ்வுறுதி எத்துணை மெலிந்தது என்பதை 1899 ஆம் ஆண்டு காட்டியது. நிலக்கரி சேமிக்கப் பந்தர் ஜிஸ்ஸாவில் இடந்தரச் சுல்தான் பைசல் பின் துர்க்கி பிரான்சுக்கு இணங்கியிருந்தார். அரண்மனையைப் பீரங்கியாற் சுடுவதாகப் பிரித்தானியர் அச்சுறுத்தவே அவ்விணக்கத்தை மீட்டுக்கொண்டார். இத்தகைய இழுபறியின் நடுவேதான் கொடி வழக்கும் முற்றியது.

1904 ஏப்பிரலில் இரு வல்லரசுகளும் நட்புடன்பாடு செய்துகொண்டபின், அவ்வாண்டு ஒற்றோபர் 13 ஆம் நாள் இவ்வழக்கை ஹேக் நகரிலுள்ள நிரந்தர நடுவர் மன்றத்துக்கு விட உடன்பட்டன. பிரித்தானியா அமெரிக்கப் பிரதம நீதியரசர் மெல்வில் புல்லரையும், பிரான்சு ஒல்லாந்தைச் சேர்ந்த சவோர்னின் லோமனையும் நியமித்தன. தலைவரைத் தெரிவதில் ஒற்றுமை காணாமையால் இத்தாலிய மன்னர் ஒஸ்திரிய அறிஞர் ஹைன்றிக் லம்மாஷை நியமித்தார். வழக்கின் உயிர்நிலையான சுல்தான் மட்டும் எத்தரப்பினராகவும் அங்கு இடம்பெறவில்லை.

1905 ஓகத்து 8 ஆம் நாள் தீர்ப்பு வெளியாயிற்று. தன் கொடியை யாருக்கு வழங்குவது, எவ்விதிகளின்படி வழங்குவது என்பவற்றைப் பொதுவாக அந்தந்த அரசே முடிவு செய்யும் என்று மன்றம் முதலிற் கூறியது. ஆகவே சுல்தானின் குடிகளுக்குப் பிரான்சு கொடி வழங்கியது தன்னளவிற் குற்றமன்று. ஆனால் அவ்வுரிமையை அரசு தானே ஒப்பந்தத்தாற் குறுக்கிக்கொள்ளலாம். அடிமை வாணிகத்தை ஒழிக்க 1890 இற் செய்யப்பட்ட பிரசெல்சுப் பொதுச்சட்டத்தின் 32 ஆம் உறுப்புரை, சுதேசக் கலங்களுக்குக் கொடி வழங்குவதை நிபந்தனைகளாற் கட்டுப்படுத்தியது. சோதனை பற்றிய உறுப்புரைகளை ஒதுக்கிய பிரான்சு இதனை 1892 சனவரி 2 ஆம் நாள் ஏற்றுக்கொண்டது. அந்நாளுக்கு முன் கொடி பெற்றோர், பிரான்சு அதனைப் புதுப்பிக்கும் வரை வைத்திருக்கலாம். அதற்குப் பின்னரோ, 1863 க்கு முன்பே பிரான்சின் காவலுக்குரியோராக நடத்தப்பட்டவர் என்று காட்டினோருக்கன்றிப் பிறருக்குக் கொடி வழங்குதல் ஆகாது. இந்த 1863 என்னும் எல்லை துருக்கியச் சட்டமொன்றிலிருந்தும், மொரோக்கோவுடன் பிரான்சு செய்த உடன்பாட்டிலிருந்தும் எடுக்கப்பட்டது. அராபியக் கடலோடியின் தலைவிதியை அவன் கேள்விப்பட்டிராத ஓர் ஆண்டு தீர்மானித்தது!

இவற்றினும் கூர்மையானவை தீர்ப்பின் இறுதிப் பகுதிகள். கொடியுரிமையை வேறொருவருக்கு மாற்ற இயலாது. அதே உடைமையாளரின் இன்னொரு கலத்துக்குக்கூட மாற்ற இயலாது. 1844 ஆம் ஆண்டின் பிரெஞ்சு-மஸ்கத்து ஒப்பந்தப்படி, உரிமை பெற்ற கலம் மஸ்கத்து நீரெல்லையிலும் தீண்டப்படாமை உடையது. ஆயினும் அக்கலத்தை உடையவனோ செலுத்துபவனோ, அவன் குடும்பத்தாரோ சுல்தானின் ஆட்சியிலிருந்தும் நீதியிலிருந்தும் நீங்கியவர் ஆகார். கொடி கலத்தைக் காக்கும். கரையில் இறங்கிய மனிதனை வேற்றுநாட்டவன் ஆக்காது. மன்றத்தில் இடம்பெறாத சுல்தானுக்கு இவ்வழியால் ஓரளவு நீதி கிடைத்தது எனலாம். கொடி பெற்ற உடைமையாளர் மறைய மறைய அவ்வுரிமையும் தானே அருகும்படி தீர்ப்பு வகுக்கப்பட்டிருந்தது.

தீர்ப்பின் முதல் வாக்கியமே பிற்காலத்தில் நெடுந்தூரம் சென்றது. மதுவிலக்கு நிலவிய அமெரிக்காவிலிருந்து 'றிலையன்ஸ்', 'றெசொலூட்' என்னும் பயணிகள் கப்பல்கள் 1922 இற் பனாமாக் கொடிக்கு மாறின. மதுவிற்பனைத் தடையிலிருந்து தப்புவதே நோக்கம். லைபீரியா 1948 இற் பிறநாட்டார் கப்பல்களுக்கெனப் பதிவேட்டைத் திறந்தது. கொடிக்கும் கலத்துக்கும் மெய்யான தொடர்பு இருத்தல் வேண்டும் என்று 1958 ஆம் ஆண்டின் பெருங்கடல் உடன்படிக்கை விதித்தது. 1982 ஆம் ஆண்டின் கடற்சட்ட உடன்படிக்கையும் 91 ஆம் உறுப்புரையில் அதனை மீட்டுரைத்தது. அத்தொடர்பு யாது என்பதை அவ்விரண்டும் வரையறுக்கவில்லை. கேமன் தீவுகளைக் கண்டிராதவரின் உல்லாசப் படகு இன்றும் அத்தீவுகளின் துறைப்பெயரைப் பொறித்துக்கொண்டு மத்தியதரைக் கடலில் உலாவுகின்றது.