பதக்கமும் பதிவேடும்

அமெரிக்காவில் 1946 வரை, ராணுவப் பணிப்பதிவேட்டில் நேர்ந்த பிழையைத் திருத்த விரும்பிய முன்னாள் வீரர், பெரும்பாலும் தனிநபர் மசோதா ஒன்றை, அதாவது ஒருவரின் குறையை மட்டுமே தீர்க்கும் சட்ட முன்வரைவை, காங்கிரஸில் கொண்டுவரச் செய்ய வேண்டியிருந்தது. அவ்வாண்டின் சட்டமன்றச் சீரமைப்புச் சட்டம் அம்முறையைத் தடைசெய்து, அப்பொறுப்பைப் படைத்துறைச் செயலர்களிடம் ஒப்படைத்ததால், குடிமை அதிகாரிகளே அமர்ந்து விசாரிக்கும் பதிவுத் திருத்த வாரியங்கள் உருவாயின. பிழையைக் கண்டறிந்த மூன்றாண்டுகளுக்குள் மனு அளிக்க வேண்டும் என்பது விதி. எனினும், நீதியின் பொருட்டு வாரியம் அத்தாமதத்தைப் பொறுக்கலாம்.

இவ்வாரியங்களிடம் போர்க்காயத்திற்குரிய பர்ப்பிள் ஹார்ட் பதக்கத்தைக் கோரும் தரைப்படையினர், காயம் எதிரியின் செயலால் நேர்ந்ததையும், அதற்கு மருத்துவச் சிகிச்சை தேவைப்பட்டதையும், அச்சிகிச்சை ஆவணத்தில் பதிவானதையும் நிறுவ வேண்டும். 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் பணியாளர் ஆவணக் காப்பகத்தில் மூண்ட தீ இதற்குப் பெருந்தடையாயிற்று. அதில் ஏறத்தாழ 1.6 முதல் 1.8 கோடி கோப்புகள் அழிந்தன; 1912 முதல் 1960 தொடக்கம் வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டோரின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் அவற்றுள் அடங்கும். நகலோ நுண்படமோ எடுத்து வைக்கப்படாமையால், படைப்பிரிவின் ஆள்நிலை மாற்றங்களை அன்றாடம் குறித்த காலை அறிக்கைகளும், ஊதியச் சீட்டுகளும், மருத்துவமனைப் பதிவுகளுமே அதன்பின் மனுதாரர்க்குச் சான்றுகளாயின.