கொலாஜன் காயக்கட்டு: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

தீக்காயத்தின் மீதோ ஆறாத புண்ணின் மீதோ மருத்துவர் மெல்லிய தாள் போன்ற ஓர் உறையைப் பொருத்தியிருக்கலாம். அது கொலாஜன் உறையாக இருப்பின், பெரும்பாலும் மாடு, பன்றி அல்லது மீன் ஆகியவற்றிலிருந்து பெறப்பட்டதாகும்.

கொலாஜன் என்பது யாது?

தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு உறுதியளிக்கும் புரதம். மூன்று இழைகள் கயிறு போல் முறுக்கிக்கொண்ட அமைப்பு உடையது. இந்த மூவிழை அமைப்பை 1954-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்மொழிந்தனர்.

எவ்வாறு பிரித்தெடுக்கப்படுகிறது?

1. தோலிலிருந்து முடி அல்லது செதில், கொழுப்பு, பிற புரதங்கள் நீக்கப்படுகின்றன.
2. சிறு துண்டுகளாக்கப்பட்ட தோல், குளிர்ந்த நிலையில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் ஊறவைக்கப்படுகிறது.
3. பெப்சின் என்னும் நொதி, இழைகளின் முனைகளை வெட்டுகிறது. ஒவ்வாமையைத் தூண்டக்கூடிய பகுதிகளுள் இம்முனைகள் முக்கியமானவை.
4. உப்புச் சேர்த்துக் கொலாஜன் வீழ்படிவாக்கப்பட்டு, தூய்மையாக்கி உலர்த்தப்படுகிறது.

குளிர்நிலை பேணப்படுவதற்குக் காரணம் உண்டு. வெப்பம் மிகுந்தால் மூவிழை முறுக்கு அவிழ்ந்து, கொலாஜன் ஜெலட்டினாக மாறிவிடும்.

எவ்வாறு சோதிக்கப்படுகிறது?

மின்புலத்தில் புரத இழைகளைப் பிரித்து அதன் வகை அறியப்படுகிறது. ஹைட்ராக்சிபுரோலின் அளவு, கொலாஜன் எவ்வளவு உள்ளது என்பதைக் காட்டும். முறுக்கு அவிழும் வெப்பநிலையும் அளக்கப்படுகிறது. பொதுவாக மீன் கொலாஜனில் இது குறைவு. மருத்துவப் பயன்பாட்டிற்கு முன் கிருமி நீக்கம் செய்து உறுதிப்படுத்துவது இன்றியமையாதது.

மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள்

• மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி அல்லது மீன் ஒவ்வாமை இருந்தால்
• சமயம் அல்லது உணவுக் கொள்கை காரணமாகக் குறிப்பிட்ட விலங்கின் பொருளை ஏற்க இயலாதிருந்தால். உறை எதிலிருந்து பெறப்பட்டது எனக் கேட்பது உங்கள் உரிமை. மாற்று வழிகளும் உள்ளன.
• நீரிழிவு நோய் இருந்தால்

வீட்டில் கவனிக்க வேண்டியவை

காயத்துடன் ஒட்டிய உறையைப் பிய்த்தெடுக்காதீர்கள். புதுத்தோல் வளர வளர அது கரையலாம் அல்லது தானாக உரியலாம். மருத்துவர் கூறும்வரை நனைக்காதீர்கள். மஞ்சள், பற்பசை, எண்ணெய் எதையும் தடவாதீர்கள்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய அறிகுறிகள்

காய்ச்சல், சீழ், துர்நாற்றம், அதிகரிக்கும் வலி, சுற்றிலும் பரவும் சிவப்பு ஆகியவை தொற்றைக் குறிக்கலாம். உறைக்கு அடியில் தொற்று மறைந்து வளரக்கூடும். ஆகவே அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராதீர்கள். மூச்சுத்திணறலோ முகவீக்கமோ ஏற்பட்டால் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.